பிறந்த தேதியைக் கேட்கும் மூன்று பேர்

கல்லூரிக் கடைசி ஆண்டில் இருக்கிற பிள்ளைகளும், ஐடியில் டெஸ்டிங், சப்போர்ட் என்று சில வருடம் இருந்துவிட்டு டிசைன் பக்கம் வர நினைக்கிறவர்களும் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "அக்கா, வெப் டிசைனா, யூஐயா, யூஎக்ஸா? மூணுக்கும் என்ன வித்தியாசம்? எதுல போனா நல்லது?" வாட்ஸ்அப்பில் நாலு வரி பதில் போட்டுப் பார்த்தேன். அதில் அடங்குகிற விஷயமாக இல்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

முதலில், இந்த மூன்று வேலைகளையும் சாஃப்ட்வேரை வைத்துப் பிரிக்காதீர்கள். "ஃபிக்மா கற்றுக்கொண்டால் யூஐ/யூஎக்ஸ், வேர்ட்பிரஸ் கற்றுக்கொண்டால் வெப் டிசைன்" என்று கோர்ஸ் விளம்பரங்களில் போடுகிறார்கள். நடைமுறையில் மூன்று பேருமே ஃபிக்மாவைத் திறக்கிறார்கள். நாளைக்கு வேறொரு சாஃப்ட்வேர் வந்தால் மூன்று பேரும் அதற்கு மாறுவார்கள். ஒரு காலத்தில் எல்லோரும் ஃபோட்டோஷாப்பில் வலைப்பக்கம் வரைந்தார்கள். 2010-ல் ஸ்கெட்ச் வந்தது, 2016-ல் ஃபிக்மா எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஒவ்வொரு முறையும் கருவி மாறியது, வேலை மாறவில்லை.

நான் பிரிக்கிற விதம் இது. ஒரு தளமோ ஆப்போ மக்கள் கைக்குப் போய்விட்டது. அதில் ஒரு புகார் வருகிறது. அப்போது ஆபீஸில் யாரைக் கூப்பிட்டு "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள்? எந்த மாதிரிப் புகாருக்கு உங்களைக் கூப்பிடுகிறார்களோ, அதுதான் உங்கள் வேலை. விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருந்தாலும் சரி.

இதை விளக்க ஒரு முழு ஆப் தேவையில்லை, ஒரே ஒரு கேள்வி போதும். முதியோர் உதவித்தொகைக்கு ஓர் இணைய விண்ணப்பம் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் "பிறந்த தேதி" என்று ஒரு கேள்வி. இந்த ஒன்றின் மேல் மூன்று பேரும் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

யூஎக்ஸ்: இந்தக் கேள்வியை யாரிடம், எதற்குக் கேட்கிறோம்?

யூஎக்ஸ், அதாவது யூசர் எக்ஸ்பீரியன்ஸ், டிசைனரின் வேலை திரையில் ஒரு கோடு விழுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. அவர் கேட்கிற முதல் கேள்வி: இந்தத் தகவல் நமக்கு எதற்கு? 60 வயது நிறைந்துவிட்டதா என்று தெரிந்தால் போதுமா, அல்லது ஆவணத்தோடு ஒப்பிட முழுத் தேதியும் வேண்டுமா? ஒப்பிடத்தான் என்றால் எந்த ஆவணத்தோடு?

அடுத்து ஆட்களைப் போய்ப் பார்ப்பார். நம் ஊரில் எழுபதைத் தாண்டிய ஒருவரிடம் பிறந்த தேதியைக் கேட்டுப் பாருங்கள். "ஆடி மாசம், கார்த்திகை நட்சத்திரம்" என்று பதில் வரும். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் உத்தேசமாகப் போட்டுவிட்ட தேதி ஒன்று இருக்கும். வாக்காளர் அட்டையில் வேறொன்று இருக்கலாம். ஆரம்பத்தில் கொடுத்த ஆதார் அட்டைகள் பலவற்றில் பிறந்த வருடம் மட்டுமே அச்சாகியிருக்கிறது. இப்படிப்பட்டவரிடம் நாள், மாதம், வருடம் மூன்றையும் கட்டாயமாகக் கேட்டால், ஏதோ ஒரு தேதியைப் போட்டுத்தான் அவர் அடுத்த பக்கத்துக்குப் போக முடியும். அந்தத் தேதி ஆவணத்தோடு பொருந்தாது. விண்ணப்பம் தள்ளுபடியாகும். ஏன் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

இன்னொன்றையும் நேரில் போனால்தான் பார்க்க முடியும். இந்த மாதிரி விண்ணப்பங்களைப் பெரும்பாலும் அந்தப் பெரியவர் நிரப்புவதில்லை. பேரன் நிரப்புகிறான், அல்லது இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கிற ஆபரேட்டர் நிரப்புகிறார். அவருக்கு முன்னால் வரிசை நிற்கிறது. ஒரு கையில் ஆதார் நகல், மற்றொரு கை கீபோர்டில். அவருக்கு மவுஸைத் தொடாமல், எண்களைத் தட்டி, டேப் விசையை அழுத்தி அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். பேரனோ ஃபோனில் கட்டைவிரலால் நிரப்புகிறான். ஒரே கேள்வி, பயன்படுத்துகிறவர்கள் முற்றிலும் வேறு வேறு.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு யூஎக்ஸ் டிசைனர் சில முடிவுகளைச் சொல்வார். கேள்வியை "ஆதாரில் உள்ளபடி பிறந்த தேதி" என்று கேட்போம். வருடம் மட்டும் தெரிந்தவருக்கு ஒரு வழி வைப்போம். தேதி பொருந்தவில்லை என்றால் அங்கேயே, அப்போதே சொல்வோம், மூன்று மாதம் கழித்துத் தள்ளுபடிக் கடிதத்தில் சொல்ல வேண்டாம். காலண்டர் விரிகிற பெட்டி வேண்டாம், நாள், மாதம், வருடம் என்று மூன்று பெட்டி போதும்.

அந்தக் கடைசி முடிவுக்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. பிரிட்டன் அரசின் எல்லாச் சேவைகளுக்கும் பொதுவான தளம், ஜிஓவி டாட் யூகே, 2012 அக்டோபரில் வந்தது. அவர்களுடைய டிசைன் சிஸ்டம் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் இருக்கிறது. பிறந்த தேதிபோல ஆட்களுக்கு ஏற்கெனவே தெரிந்த தேதியைக் கேட்க மூன்று தனிப் பெட்டிகளையே அது பரிந்துரைக்கிறது. காரணம் எளிது. ஃபோனில் விரிகிற காலண்டர் பெரும்பாலும் இன்றைய மாதத்தைக் காட்டித்தான் திறக்கும். மேலே இருக்கிற வருடத்தைத் தொட்டால் வருடப் பட்டியல் வரும் என்பது பலருக்குத் தெரியாது. 1958-ல் பிறந்து 2025-ல் விண்ணப்பித்த ஒருவருக்கு அது தெரியவில்லை என்றால், 2025-லிருந்து மாதம் மாதமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போயிருக்க வேண்டும். 67 வருடம், 804 மாதம். நாலு தட்டில் முடிய வேண்டிய வருடம் 804 தள்ளலாகிவிடுகிறது.

வயர்ஃப்ரேம் என்று சொல்கிற கோட்டுப் படத்தை வைத்து, நாலைந்து பேரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லிப் பார்ப்பதும் யூஎக்ஸ் வேலைதான். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார். எல்லா இடத்துக்கும் அது பொருந்துமா என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் "பட்ஜெட் இல்லை, அதனால் யாரையும் வைத்துச் சோதிக்கவில்லை" என்கிற சாக்குக்கு அது நல்ல பதில்.

ஆக, "எல்லாம் சரியாத்தான் போட்டோம், ஆனா வேலை முடியலை" என்று புகார் வந்தால் கூப்பிடுவது யூஎக்ஸ் டிசைனரை.

யூஐ: பார்த்தவுடன் புரிகிறதா?

மூன்று பெட்டி என்று முடிவாகிவிட்டது. இனி யூஐ, அதாவது யூசர் இன்டர்ஃபேஸ், டிசைனரின் கையில். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் "கலர் போடுகிற வேலை" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த மூன்று பெட்டிகளில் எவ்வளவு முடிவு இருக்கிறது என்று பாருங்கள்.

நாள் பெட்டியில் இரண்டு இலக்கம், வருடப் பெட்டியில் நான்கு. எனவே வருடப் பெட்டி அகலமாக இருக்க வேண்டும். அந்த அகலமே "இங்கே நாலு எண் போடு" என்று சொல்லிவிடும். "நாள்", "மாதம்", "வருடம்" என்ற சொற்கள் பெட்டிக்குள்ளே மங்கலாக இருந்தால், தட்ட ஆரம்பித்ததும் மறைந்துவிடும், எது எந்தப் பெட்டி என்று மறந்துபோகும். அதனால் பெட்டிக்கு மேலேயே இருக்க வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான கான்ட்ராஸ்ட் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை வழிகாட்டியின் இரண்டாம் நிலை அளவுகோல். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து, டிசைனரின் புது மானிட்டரில் அழகாகத் தெரியும். கண்புரை உள்ள ஒருவருக்கு வெயிலில் பிடித்த ஃபோனில் தெரியவே தெரியாது. தொடுகிற இடத்தின் அளவு ஆண்ட்ராய்டில் 48, ஆப்பிளில் 44 அலகு இருக்கட்டும் என்று அந்தந்த நிறுவனங்களே சொல்லியிருக்கின்றன. முதியவரின் விரலுக்கு அது சலுகை இல்லை, அடிப்படைத் தேவை.

பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் நிலைகள். சும்மா இருக்கும்போது எப்படி, தொட்டபோது எப்படி, தப்பான எண் போட்டபோது எப்படி, பூட்டியிருக்கும்போது எப்படி. தப்பு நேர்ந்தால் சிவப்பு மட்டும் போதாது, நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் இருக்கிறார்கள். எந்தப் பெட்டியில் தப்பு, எப்படிச் சரிசெய்வது என்று பக்கத்திலேயே ஒரு வரி வர வேண்டும். "செல்லாத உள்ளீடு" என்று போடுவதைவிட "மாதம் 1 முதல் 12-க்குள் இருக்க வேண்டும்" என்று போடுவது எத்தனையோ மேல்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் ஒரு அடுக்கு. 'சப்மிட்' ஆங்கிலத்தில் ஆறு எழுத்து. 'சமர்ப்பிக்கவும்' ஒன்பது, அவற்றிலும் பல அகலமானவை. ஆங்கிலத்துக்கென்று வரைந்த பட்டனில் தமிழைப் போட்டால் இரண்டு வரியாக உடையும், அல்லது பாதியில் வெட்டி மூன்று புள்ளி வரும். உயரத்திலும் இதே கதை. தமிழில் மேலே புள்ளியும் 'கீ'யின் சுழியும் ஏறும், கீழே 'பு', 'சு' போன்றவற்றின் கால் இறங்கும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே விட்டால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். எத்தனையோ ஆப்களில் தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இரண்டே நிமிடத்தில் ஆங்கிலத்துக்கே திரும்பிவிடுகிறோமே, அதற்கு மொழிபெயர்ப்பு பாதிக் காரணம் என்றால் இந்த இடைவெளிகள் மீதிக் காரணம். தமிழ் தெரிந்த யூஐ டிசைனர் ஒருவர் அந்த டீமில் முதல் நாளிலிருந்து இருந்தால் இது நடக்காது. இதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். நம் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு கம்பெனியில் இருநூறு திரைகள் இருந்தால், இந்தப் பெட்டியை இருநூறு தடவை வரைய மாட்டார்கள். ஒருமுறை காம்போனென்ட்டாகச் செய்து, விதிகளோடு டிசைன் சிஸ்டத்தில் வைப்பார்கள். கூகுள் 2014-ல் வெளியிட்ட மெட்டீரியல் டிசைன் அந்த வகை. இப்படிப்பட்ட சிஸ்டத்தைப் பராமரிப்பதையே முழுநேர வேலையாகப் பார்க்கிற யூஐ டிசைனர்கள் உண்டு.

"எங்க அழுத்தணும்னே தெரியலை", "படிக்கவே முடியலை" என்ற புகாருக்குக் கூப்பிடுவது யூஐ டிசைனரை.

வெப்: நிஜ ஃபோனில், நிஜ நெட்வொர்க்கில் ஓடுகிறதா?

படத்தில் இருக்கிற பெட்டியில் யாரும் எண் போட முடியாது. அதை உலாவியில் உயிரோடு கொண்டுவருவது வெப் டிசைனர். சில கம்பெனிகளில் இவரை ஃப்ரன்ட்எண்ட் டெவலப்பர் என்பார்கள். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் இவருக்குத் தாய்மொழி மாதிரி வர வேண்டும்.

பெட்டியைத் தொட்டதும் ஃபோனில் எழுத்துக் கீபோர்டு வராமல் எண் கீபோர்டு வர வேண்டும். அதற்கு 'நம்பர்' வகைப் பெட்டியைப் போட்டால் வேறு தொல்லை வரும்: கம்ப்யூட்டரில் மவுஸ் சக்கரம் பட்டால் வருடம் தானாகக் கூடும், குறையும். சாதாரண எழுத்துப் பெட்டியை வைத்து, 'இன்புட்மோட்' என்ற பண்பில் எண் கீபோர்டு கேட்பதே சரியான வழி. பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால் ஐபோனில் சஃபாரி அதைத் தொட்டதும் பக்கத்தையே பெரிதாக்கிவிடும், மற்ற இரண்டு பெட்டியும் திரைக்கு வெளியே போய்விடும். பார்வையற்றவர் ஸ்கிரீன் ரீடரில் கேட்கும்போது வெறும் "நாள்" என்று ஒலித்தால் எந்த நாள் என்று புரியாது. 'ஃபீல்ட்செட்', 'லெஜெண்ட்' என்ற குறிகளால் மூன்று பெட்டியையும் கட்டினால்தான் இது பிறந்த தேதியின் நாள் என்று அவருக்குத் தெரியும். பிப்ரவரி 30 என்று போட்டால் பிடிக்க வேண்டும், 29 என்றால் அது லீப் வருடமா என்று பார்க்க வேண்டும். இ-சேவை ஆபரேட்டர் டேப் விசையை அழுத்தினால் வரிசை தவறாமல் நகர வேண்டும். இரண்டு எண் போட்டவுடன் தானாக அடுத்த பெட்டிக்குத் தாவுகிற வித்தையை மட்டும் செய்யக்கூடாது. ஆபரேட்டர் பழக்கத்தில் டேப்பும் அழுத்துவார், ஒரு பெட்டியைத் தாண்டிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வேகம். அழகான தமிழ் எழுத்துரு ஒன்றைச் சேர்த்தால் அந்தக் கோப்பும் இறங்க வேண்டும். மலையடிவார ஊரில் சிக்னல் ஒரு கோடு காட்டுகிற ஃபோனில், அது இறங்கும்வரை பக்கம் வெறுமையாகக் காத்திருக்கக் கூடாது. இருக்கிற எழுத்துருவில் முதலில் காட்டிவிட்டு, வந்ததும் மாற்றிக்கொள்ள வேண்டும். நடுவில் நெட் போனாலும் நிரப்பியது அழியக் கூடாது.

நம் ஊரில் வெப் டிசைனருக்கு இன்னொரு முகமும் உண்டு. திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர், கோயம்புத்தூர் பம்ப் கம்பெனி, மதுரை மருத்துவமனை, சிவகாசி அச்சகம் எல்லோருக்கும் ஒரு தளம் வேண்டும். டொமைன் வாங்குவது, ஹோஸ்டிங், வேர்ட்பிரஸ் நிறுவுவது, படம் தேர்வது, வார்த்தை எழுதுவது, கூகுளில் வர வைப்பது, ஆறு மாதம் கழித்துத் தளம் முடங்கினால் மீட்பது என எல்லாமே ஒரே ஆள். உலகில் உள்ள இணையதளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன. எனவே இந்தச் சந்தை சின்னது இல்லை. சொந்த ஊரை விட்டு வர முடியாதவர்களுக்கு இது கண்ணியமான, நிலையான தொழில். இதைச் செய்கிறவர் தெரியாமலே பாதி யூஎக்ஸும் முக்கால் யூஐயும் செய்துகொண்டிருக்கிறார்.

"என் ஃபோன்ல திறக்கவே மாட்டேங்குது" என்றால் கூப்பிடுவது இவரை.

ஏன் இந்தக் குழப்பம்?

மூன்றும் மூன்று இடத்தில் பிறந்தவை. யூஐ கணினித் திரையோடு வந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகம் 1973-ல் செய்த ஆல்டோ, 1984-ல் ஆப்பிளின் மேக்கின்டாஷ், அதற்குச் சின்னச் சின்னச் சதுரங்களில் குப்பைத் தொட்டியையும் சிரிக்கிற கணினியையும் வரைந்த சூசன் கேர் எல்லாம் அந்த வம்சம். வெப் டிசைன் டிம் பெர்னர்ஸ்-லீ 1991-ல் உலகுக்குத் திறந்த வலையோடு வந்தது. முதலில் அட்டவணைக் கட்டங்களில் பக்கத்தை அடுக்கினார்கள், 1996-ல் சிஎஸ்எஸ் தரநிலையானது, 2010-ல் டிசைனர் ஈதன் மார்கோட், திரையின் அளவுக்கேற்பப் பக்கம் மாறுகிற 'ரெஸ்பான்சிவ்' என்ற முறையை எழுதினார். யூஎக்ஸ் உளவியலிலிருந்து வந்தது. 1993-ல் ஆப்பிளில் சேர்ந்த டான் நார்மன் தன் பதவிப் பெயரிலேயே 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்பதைப் போட்டுக்கொண்டார். அவருக்கு அது திரை மட்டுமே இல்லை. கணினியைக் கடையில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரித்து, பழுதானால் சர்வீஸுக்குக் கொடுப்பதுவரை எல்லாமே அதில் அடக்கம்.

2007-ல் ஐபோன் வந்தது. மூன்று வம்சமும் ஒரே உள்ளங்கைத் திரையில் வந்து சேர்ந்தன. வேலை கொடுக்கிறவர்கள் மூன்றையும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்க ஆரம்பித்தார்கள். 'யூஐ/யூஎக்ஸ் டிசைனர்' என்ற சாய்கோட்டுப் பெயர் அப்படித்தான் நிலைத்தது.

இதை ஒழுங்குபடுத்திப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, யூஎக்ஸ் டிசைனர் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் 2000-ல் வரைந்த ஐந்து அடுக்குகளின் படம் இன்றும் உதவும். அடியில் நோக்கம், அதன் மேல் எதையெல்லாம் செய்யப்போகிறோம் என்ற எல்லை, பிறகு கட்டமைப்பு, எலும்புக்கூடு, கடைசியில் கண்ணுக்குத் தெரிகிற மேற்பரப்பு. யூஎக்ஸ் அடியிலிருந்து மேலே ஏறுகிறது, யூஐ மேல் இரண்டு அடுக்குகளில் குடியிருக்கிறது. வெப் டிசைனர் அந்த மேற்பரப்பை ஓட வைக்கிறார்.

பொறுப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு நிஜச் சம்பவம்

2018 ஜனவரி 13 காலை, ஹவாய் மக்களின் ஃபோன்களில் ஓர் எச்சரிக்கை வந்தது: ஏவுகணை வந்துகொண்டிருக்கிறது, உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், இது ஒத்திகை இல்லை. ஏவுகணை ஏதும் வரவில்லை. தவறு என்று ஃபோன்களுக்குத் திருத்தம் வர 38 நிமிடம் ஆனது. அந்த 38 நிமிடமும் மக்கள் குழந்தைகளைக் குளியல்தொட்டியில் படுக்க வைத்துக்கொண்டும், உறவினர்களுக்குக் கடைசி வார்த்தை சொல்லிக்கொண்டும் இருந்தார்கள்.

உடனே எல்லோரும் எச்சரிக்கையை அனுப்பிய கணினியின் மெனு டிசைனைத் திட்டினார்கள். அதில் உண்மை இருந்தது. ஒத்திகைக்கும் நிஜ எச்சரிக்கைக்கும் "அனுப்பலாமா?" என்று கேட்கிற உறுதிப்படுத்தும் பெட்டி ஒரே மாதிரி இருந்ததாக அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் விசாரணை சொன்னது. அது யூஐ. ஆனால் அதே விசாரணையில் பெரிய விஷயங்களும் வெளிவந்தன. பணி மாறும் நேரத்தில் ஒத்திகை நடந்தது, ஊழியர் அதை நிஜம் என்றே நம்பி அழுத்தியிருக்கிறார். தவறாகப் போய்விட்டால் எப்படித் திரும்பப் பெறுவது என்பதற்கு முன்கூட்டியே ஓர் ஏற்பாடு இல்லை. 38 நிமிடம் ஆனதற்கு அதுதான் காரணம். பெட்டியின் நிறத்தை மாற்றினால் இவை தீராது. "தப்பு நடந்துவிட்டால் அடுத்து என்ன செய்வார்கள்?" என்று முன்பே யாராவது உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்பதற்குத்தான் யூஎக்ஸ் என்றொரு வேலை இருக்கிறது.

எது உங்களுக்கு?

அன்றாடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். யூஎக்ஸ் ஆளின் நாளில் பாதி பேச்சும் எழுத்தும்தான்: ஆட்களிடம் கேட்பது, கேட்டதைத் தொகுப்பது, "இந்த வசதி தேவையில்லை" என்று மேனேஜரிடம் ஆதாரத்தோடு சொல்வது. மனிதர்கள் பேசும்போது குறுக்கிடாமல் கேட்கிற பொறுமை வேண்டும். உளவியல், சமூகவியல், இதழியல் படித்தவர்கள் இங்கே நன்றாக வருகிறார்கள். சப்போர்ட் வேலையில் இருந்தவர்களுக்கும் இது பொருந்தும், வாடிக்கையாளரின் எரிச்சலைக் காதால் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். ஆனால் புதிதாகப் படித்து வருகிறவருக்கு நேரடியாக யூஎக்ஸ் ரிசர்ச் வேலை கிடைப்பது அரிது. யூஐ வழியாகவோ வேறு அனுபவத்தோடோதான் பலரும் உள்ளே வருகிறார்கள்.

யூஐ ஆளுக்கு ஒரே பெட்டியின் எட்டு நிலைகளை அலுக்காமல் வரைகிற கவனம் வேண்டும். இரண்டு பிக்சல் தள்ளியிருந்தால் கண்ணில் உறுத்த வேண்டும். விஸ்காம், நுண்கலை படித்தவர்களுக்கு இது சொந்த வீடு. வெப் ஆளுக்கு ஏன் ஓடவில்லை என்று தோண்டிக் கண்டுபிடிக்கிற பிடிவாதம் வேண்டும். செய்ததை அன்றைக்கே உலகம் முழுக்கத் திறந்து காட்டுகிற சந்தோஷம் மூவரில் இவருக்குத்தான் அதிகம்.

வேலை கொடுக்கிற இடத்தையும் பாருங்கள். சின்ன ஏஜென்சியில் மூன்றும் செய்ய வேண்டியிருக்கும், வேகமாகக் கற்கலாம். சர்வீஸ் கம்பெனியில் வாடிக்கையாளருக்காகப் பல துறைகளைப் பார்க்கலாம், ஆனால் செய்தது மக்களிடம் எப்படிப் போனது என்று தெரியவருவது குறைவு. ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் மாதிரிச் சொந்தத் தயாரிப்பு வைத்திருக்கிற இடங்களில் ஒரே விஷயத்தை ஆழமாக, வருடக்கணக்கில் செம்மைப்படுத்தலாம். அங்கே மூன்று வேலைகளும் தனித்தனியாகப் பிரிந்திருக்க வாய்ப்பு அதிகம். 'புராடக்ட் டிசைனர்' என்று விளம்பரம் வந்தால் யூஎக்ஸும் யூஐயும் சேர்ந்த வேலை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

முறையாகப் படிக்க நினைக்கிறவர்களுக்கு அகமதாபாத்தில் 1961-ல் தொடங்கிய என்ஐடி, ஐஐடி பம்பாயின் ஐடிசி போன்ற இடங்கள் உண்டு. இளநிலைக்கு யூசீட், முதுநிலைக்கு சீட் என்று ஐஐடிகளுக்கான நுழைவுத் தேர்வுகள் நடக்கின்றன. காஞ்சிபுரம் ஐஐஐடிடிஎம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த வழி கிடைக்காதவர்களும் இந்தத் துறையில் நிறையவே இருக்கிறார்கள், அதனால் தயங்க வேண்டாம். ஆனால் மூன்று மாதத்தில் 'யூஐ/யூஎக்ஸ் நிபுணர்' ஆக்கிவிடுவதாகச் சொல்லிப் பெரிய தொகை கேட்கிற இடத்தில் சேருமுன், ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள்: பயன்படுத்துகிற ஆட்களை நேரில் போய்ப் பார்க்கிற பயிற்சி அதில் உண்டா? இல்லை என்றால் அது ஃபிக்மா வகுப்பு. ஃபிக்மாவை இலவசமாகவே கற்றுக்கொள்ளலாம்.

ஏஐ வந்துவிட்டதே, இந்த வேலையெல்லாம் இருக்குமா என்பது அடுத்த கேள்வி. ஒரு வரி எழுதினால் திரையே வரைந்து தருகிற கருவிகள் வந்துவிட்டன, உண்மைதான். பிறந்த தேதிக்கு ஒரு பெட்டி வேண்டும் என்று கேட்டால், பளிச்சென்று ஒரு காலண்டரை வரைந்து கொடுக்கும். ஆடி மாதம் கார்த்திகை நட்சத்திரத்தில் பிறந்த பாட்டியை அது பார்த்ததில்லை. வரைவது மலிவாகிக்கொண்டே போகும், எதை வரைய வேண்டும் என்று தெரிந்தவரின் மதிப்பு கூடும். மூன்றில் எதை எடுத்தாலும், வரைவதோடு நின்றுவிடாதீர்கள்.

போர்ட்ஃபோலியோவுக்கு உணவு டெலிவரி ஆப், மியூசிக் ஆப் என்று எல்லோரும் வைப்பதையே வைக்க வேண்டாம். உங்கள் வீட்டில் யாராவது திணறுகிற ஒரு நிஜப் படிவத்தை எடுங்கள். கரன்ட் பில், ரேஷன், பள்ளிச் சேர்க்கை, எதுவானாலும் சரி. யூஎக்ஸ் என்றால் நாலு பேரை நிரப்பச் சொல்லி, எங்கே நின்றார்கள் என்று எழுதுங்கள். யூஐ என்றால் அந்த ஒரு திரையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், எல்லா நிலைகளோடும் வரையுங்கள். வெப் என்றால் அதைக் கட்டி, விலை குறைந்த ஒரு பழைய ஃபோனில் ஓட்டிக் காட்டுங்கள். மூன்று பளபளப்பான ஆப் படங்களைவிட இந்த ஒன்றைப் பற்றி இண்டர்வியூவில் அதிக நேரம் பேசுவார்கள்.

இண்டர்வியூ முடிவில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்களே, அப்போது தயங்காமல் இதைக் கேளுங்கள்: "இந்த வேலையில், எந்த மாதிரிப் புகார் வந்தால் என்னைக் கூப்பிடுவீங்க?" தெளிவாகப் பதில் சொல்கிற இடத்தில் சேருங்கள். எல்லாப் புகாருக்கும் நீங்கள்தான் என்றால், சம்பளமும் கற்றுக்கொள்ள நேரமும் அதற்கேற்ப இருக்கிறதா என்று பேசிவிட்டுச் சேருங்கள். எந்தப் புகாருக்கும் கூப்பிட மாட்டோம், சொல்வதை வரைந்து கொடுத்தால் போதும் என்றால், அந்த இடம் வேண்டாம். அங்கே நீங்கள் டிசைனராக வளர முடியாது.